அல்பேனியத் தெற்கின் பாட்டில் பின்னால் ஒலிக்கும் அந்த 'எ' எதற்காக?

ஒலித்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தெற்கு அல்பேனியாவின் லாபெரியா வட்டாரத்து முதியவர்கள் பாடிய பழைய ஒலிப்பதிவு ஒன்று அண்மையில் எனக்குக் கிடைத்தது. அதில் வாத்தியம் எதுவும் இல்லை. ஒருவர் தொண்டையை இறுக்கிக்கொண்டு ஓர் அடியைத் தொடங்குகிறார். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே புகுந்து அதை வேறு பக்கம் இழுத்துச் செல்கிறார். மூன்றாமவர் ஒருவர் ஒரு கூவலை வீசிவிட்டு உடனே அடங்கிவிடுகிறார். எஞ்சியவர்கள் அனைவரும் 'எ' என்றும் 'அ' என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஓர் ஒலியைப் பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதல்முறை கேட்டபோது, எல்லாரும் சுருதி விலகிப் பாடுகிறார்கள் என்றே எண்ணி நிறுத்திவிட்டேன். ஏனோ மறுநாள் மீண்டும் போட்டுக் கேட்டேன். இப்போது விட முடியவில்லை.

என் ஐயங்கள் மூன்று. இவர்களில் பாடகர் என்று யாரைச் சொல்வது? பின்னால் 'எ' சொல்பவர்கள் வெறும் துணைதானா? குரல்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவே, அது முதுமையால் வந்த தடுமாற்றமா, தெரிந்தே செய்வதா?

மரத்தடி எழுதியது:

உரசல் தெரிந்தே செய்வதுதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு ஐயங்களுக்கும், அந்த ஊர்க்காரர்கள் பாடுபவர்களுக்கு இட்டிருக்கும் பெயர்களே வழிகாட்டும். தொடங்குபவருக்கு 'மார்ரஸ்' என்று பெயர். 'எடுப்பவர்' என்பது அதன் பொருள். நாமும் பாட்டெடுப்பது என்றுதானே சொல்கிறோம். இரண்டாமவர் 'க்தியேஸ்', அதாவது 'திருப்புபவர்'. எடுத்தவரின் அடியை வாங்கித் திருப்பி விடுவது அவர் வேலை. மூன்றாமவர் 'ஹேதஸ்', 'எறிபவர்'. நீங்கள் வீசிவிட்டு அடங்கிவிடுகிறார் என்று எழுதியிருப்பது அவரைத்தான்; பெயரும் அதையே சொல்கிறது. எஞ்சியவர்கள் பிடித்திருப்பது 'இசோ'. இந்தச் சொல்லை முன்னொட்டாக வைத்தே இம்முறை முழுவதையும் இசோ பல்குரல் பாட்டு என்று அழைக்கிறார்கள்.

ஆகவே பாடகர் யார் என்ற கேள்விக்கு அங்கே ஒற்றை விடை கிடையாது. எடுப்பவர் இல்லாமல் பாட்டு தொடங்காது. திருப்புபவர் இல்லாமல் அது ஓர் ஆளின் முணுமுணுப்பாக நின்றுவிடும். இசோ இல்லாவிட்டால் இருவர் பிடித்த சுரங்களும் எதனோடு உறவு கொண்டவை என்பதே தெரியாமல் போய்விடும்.

அல்பேனியாவின் நடுவே ஓடும் ஷ்கும்பின் ஆற்றை எல்லையாக வைத்து வடக்கில் கெக் மக்கள், தெற்கில் தோஸ்க் மக்கள் என்று பிரிப்பது வழக்கம். லாப் மக்கள் தென்மேற்கில், வ்லோரா, தெபெலனா, குர்வெலெஷ் பகுதிகளின் மலைகளில் வாழ்பவர்கள். பல்குரல் பாட்டு ஆற்றுக்குத் தெற்கே உள்ளவர்களுக்கே உரியது. அவர்களுக்குள்ளும் தோஸ்க் பாட்டும் லாப் பாட்டும் வெவ்வேறு குணம் கொண்டவை. தோஸ்க் பாட்டில் இசோ அறுபடாது. மூச்சு விடும் இடமே தெரியாமல் ஒரே உயிரொலியில் நீண்டு செல்லும். அதன்மேல் இரண்டு தனிக்குரல்கள் நிதானமாக வளைந்து வளைந்து நடக்கும். லாப் பாட்டில் இசோ சிலவேளை நீண்டும், சிலவேளை பாட்டின் சொற்களையே தாளத்தோடு சேர்த்துச் சொல்லியும் வரும். குரல் கரடுமுரடாகவும் இறுக்கமாகவும் இருக்கும். அடிகள் பெரும்பாலும் எட்டு அசையில் சுருக்கமாக அமையும். எறிபவரையும் சேர்த்து நான்கு பகுதியாகப் பாடுவது அல்பேனியர்களில் லாப் மக்களிடம் மட்டுமே உண்டு. உங்களிடம் உள்ள பதிவு அதுதான்.

உரசலைப் பற்றி: இவர்களின் பாட்டு பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள், அரைச்சுர இடைவெளி இல்லாமல் நிற்கிறது. திருப்புபவர் அடியின் முடிவில் இசோவுக்கு ஒரு முழுச்சுரம் கீழே இறங்கி அங்கேயே சற்று அழுத்தி நிற்பார். இசோவோ தன் இடத்தை விட்டு நகராது. அந்த இரண்டும் பக்கம் பக்கமாக ஒலிக்கும்போது காதில் ஒரு அதிர்வு எழும். பாட்டின் சுவையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. நாம் அதைப் பிழை என்று கேட்கிறோம். அவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நண்பரே, இவ்வளவு விளக்கம் தேவையா? இசோ என்பது நம் சுருதிதானே. தம்புரா செய்கிற வேலையை அவர்கள் மனிதக் குரலால் செய்கிறார்கள், அவ்வளவுதான். திருப்புபவர் இறங்கி நிற்கும் இடத்தைக் கைசிகி நிஷாதம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

மரத்தடி எழுதியது:

சுர இடத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. எனக்கும் அப்படிச் சொல்லியிருக்கத் தோன்றவில்லை, நன்றி. ஆனால் சுருதிதான் என்பதில் ஒரு பெரிய வேறுபாடு விட்டுப்போகிறது. நம் கச்சேரியில் சுருதி பாட்டுக்கு முன்பே தொடங்கி, பாட்டு முடிந்த பிறகும் ஒலித்துக்கொண்டிருக்கும். பாடுபவர் அதற்குள் நுழைகிறார். பாடி முடித்து வெளியேறுகிறார். இசோ அப்படி அன்று. எடுப்பவர் தனியாகத் தொடங்கி, சுருதி எது என்பதைத் தன் குரலால் காட்டிய பிறகே மற்றவர்கள் அதைப் பிடிக்கிறார்கள். அவர் இன்று சற்று மேலே எடுத்தால் கூட்டமும் மேலே. நாளை சளி பிடித்துக் கீழே எடுத்தால் கூட்டமும் கீழே. அங்கே பெட்டி சொன்னபடி ஆள் பாடுவதில்லை.

இதை நூலில் படித்துச் சொல்லவில்லை. இத்தாலியில் சில ஆண்டுகள் கட்டட வேலையில் இருந்தேன். உடன் பணிபுரிந்தவர்களில் தெபெலனாப் பக்கத்தைச் சேர்ந்த இருவர் இருந்தனர். அவர்கள் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து ராக்கி என்னும் சாராயத்தை ஊற்றியபின் மேசையைச் சுற்றி இருந்த ஆண்கள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். யாரும் பாடப் போகிறோம் என்று அறிவிக்கவில்லை. ஒருவர் கண்ணாடிக் குவளையைப் பார்த்தபடியே ஓர் அடியை எடுத்தார். எதிரில் இருந்தவர் திருப்பினார். சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்து இசோவைப் பிடித்தார்கள். என் பக்கத்தில் இருந்த முதியவர் என்னையும் சேர்ந்துகொள்ளும்படி கையைக் காட்டினார். 'எ' என்று ஒரே ஒலியைச் சொல்வதில் என்ன கடினம் என்று சேர்ந்தேன். பத்து விநாடியில் மூச்சு முட்டியது. நான் மூச்சு வாங்கிய அதே நொடியில் அவரும் வாங்கினார். இசோவில் ஓர் ஓட்டை விழுந்தது. அவர் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார், கோபமாக அன்று, ஆனால் மெதுவாகவும் அன்று. அடுத்தமுறை அவர் தோள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது இறங்கிய பிறகே நான் மூச்சு வாங்கினேன். பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே என்பதைத் தவிர அன்று எனக்கு யாரும் வேறு பாடம் சொல்லவில்லை. பின்னால் நிற்பவர்கள் வெறும் துணையா என்று இழையைத் தொடங்கியவர் கேட்டதற்கு இதைத்தான் விடையாகச் சொல்வேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். தம்புரா யாருடைய முழங்காலிலும் தட்டாது.

கடலோரம் எழுதியது:

'இசோ' என்ற சொல் கிரேக்கக் கிறித்தவத் தேவாலய இசையிலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். பைசாந்தியத் தேவாலயங்களில் பாடகர் பின்னால் நின்று 'ஈசோன்' பிடிப்பவர்கள் இருப்பார்கள். அப்படியானால் இந்தப் பாட்டுமுறையே தேவாலயத்திலிருந்து ஊருக்குள் இறங்கியது என்று கொள்ளலாமா? அல்லது சிலர் சொல்வதுபோல், அல்பேனியரின் மூதாதையர் எனப்படும் பண்டைய இல்லிரியர் காலத்துப் பழமையா?

பழஞ்சுவடி எழுதியது:

சொல் தேவாலயத்திலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. சொல்லோடு பாட்டும் வந்தது என்பது வேறு கூற்று. அதற்குத் தனிச் சான்று வேண்டும். லாப் மலைகளில் பாடுபவர்களில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். அவர்களிலும் பலர் பெக்தாஷி என்னும் சூஃபி மரபினர். கடலோர ஹிமாராவில் பாடுபவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். இரு சாராரும் இசோவைப் பிடிக்கிறார்கள். தேவாலயத்தில் ஈசோனின் மேல் ஒரு மெட்டு மட்டுமே செல்லும். இங்கோ எடுப்பவர், திருப்புபவர், எறிபவர் என்று தனிக்குரல்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: 1967இல் அல்பேனியக் கம்யூனிச அரசு சமயத்தையே தடை செய்து தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் சூஃபி மடங்களான தெக்கேக்களையும் மூடியது. தேவாலயத்து ஈசோன் வாயடைத்துப் போயிற்று. ஊர்ப்பாட்டின் இசோவோ அடுத்த ஆண்டே அரசு விழாவின் மேடையில் ஏறியது. பிறப்பு எப்படியானாலும், வாழ்வுக்கு அது தேவாலயத்தை நம்பியிருக்கவில்லை என்பது தெளிவு.

இல்லிரியப் பழமையைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். அந்தக் காலத்திலிருந்து ஒரு பாட்டின் ஓசையைக் குறித்து வைத்த ஏடு எதுவும் இல்லை. நாட்டின் தொன்மையை நிறுவ வேண்டிய கட்டாயம் அன்றைய ஆட்சிக்கு இருந்தது. அதனால் தொன்மை பேசிய ஆய்வுகள் ஊக்கம் பெற்றன. அந்தப் பழக்கம் இன்னும் பல இணையக் கட்டுரைகளில் தொடர்கிறது. இசையமைப்பாளரும் ஆய்வாளருமான வசில் தோலே, பல்குரல் பாட்டின் வேரை ஒப்பாரியில் தேடுகிறார். ஒருத்தி முன்னால் நின்று அழ, சுற்றியிருப்போர் அவளோடு சேர்ந்து விம்முவதில் தனிக்குரலும் கூட்டுக்குரலும் பிரிந்தன என்பது அவ்வழிச் சிந்தனை. இதையும் மெய்ப்பிக்க முடியாது; ஆனால் கேட்கும் காதுக்கு இது நெருக்கமாக இருக்கிறது. திருப்புபவர் கீழே இறங்கி நிற்கும் அந்த இடத்தில் அழுகை இருப்பதாக எனக்கும் எப்போதும் தோன்றியிருக்கிறது.

எனக்கு மேலும் வலுவாகப் படுவது எல்லைக்கு அப்பால் உள்ள சான்று. கிரேக்கத்தின் எபிருஸ் பகுதியில் கிரேக்க மொழியிலும் இதே முறையில் பாடுகிறார்கள். லத்தீன் வழிவந்த மொழி பேசும் அந்தப் பகுதியின் வ்லாக் மக்களும் பாடுகிறார்கள். கிரேக்கத்தில் தொடங்குபவர் 'பார்த்திஸ்', பொருள், எடுப்பவர். அடுத்தவர் 'கிரிஸ்திஸ்', பொருள், திருப்புபவர். எறிபவருக்கும் அங்கே 'ரிஹ்திஸ்' என்று அதே பொருளில் பெயர் உண்டு. இவர்கள் கூடுதலாக 'க்ளோஸ்திஸ்' என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். நூல் நூற்பவர் என்று பொருள். கதிரைச் சுழற்றுவதுபோல் அவர் மெல்லிய உச்சக்குரலை இரண்டு சுரங்களுக்கிடையே சுழற்றிக்கொண்டே இருப்பார். மொழி வேறு, சமயம் வேறு, இப்போது நாடும் வேறு. பாட்டில் வேலை செய்பவர்களின் பெயர்கள் மட்டும் பொருள் மாறாமல் இருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சண்டை இடுவோர் இரு பக்கமும் உண்டு. ஒரே மலைத்தொடரில் ஆடு மேய்த்தவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் திருப்பியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

வடமலை எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். நல்ல செய்திகள், ஆனால் தெற்கை மட்டுமே பேசிக்கொண்டு அல்பேனிய நாட்டுப்பாடல் என்ற பெயரை அதற்குச் சூட்டிவிடுவது சரியன்று. ஷ்கும்பினுக்கு வடக்கே, அல்பேனியாவின் வடமலைகளிலும் கொசோவோவிலும், இசோ என்பதே கிடையாது. அங்கே பாட்டு ஒற்றைக்குரல்.

லஹூதாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வில்லால் இழைக்கப்படும் ஒற்றைத் தந்தி வாத்தியம். தந்தி குதிரைமயிர், குடத்தின் மேல் தோல், கழுத்தின் உச்சியில் பெரும்பாலும் ஆட்டின் தலை செதுக்கியிருப்பார்கள். பாடுபவர் அதை மடியில் நிறுத்தி, நான்கைந்து சுரத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, பத்து அசை கொண்ட அடிகளை மணிக்கணக்காகச் சொல்லிச் செல்வார். மூயி, ஹலிலி என்னும் சகோதரர்களின் எல்லைப் போர்கள்தான் பெரும்பாலும் கதை. மூயிக்குப் பேராற்றல் வந்தது எப்படி என்றால், மலைத்தேவதைகளான சானாக்கள் அவனுக்குப் பாலூட்டியதால். ஹோமரின் காவியங்கள் எழுத்தில்லாமல் எப்படி உருவாகியிருக்கும் என்பதை அறிய 1930களில் யுகோஸ்லாவியாவில் பாடகர்களைத் தேடிச் சென்ற அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி நோவி பசார் என்னும் ஊரில் சந்தித்தவர்களில் அல்பேனியம், செர்போ-குரோவேஷியம் ஆகிய இருமொழியிலும் பாட வல்லவர்கள் இருந்தனர். பாரி 1935இல் இறந்தபின் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு 1937இல் வட அல்பேனிய மலைகளுக்கே சென்று இந்தக் காவியப் பாடல்களைக் கேட்டு எழுதி வந்தார். அல்பேனியப் பாட்டை வெளியுலக அறிஞர்கள் தேடிப் போனது வடக்கின் ஒற்றைக்குரலுக்காகவும்தான்.

பாடும் முறையைப் பற்றிய இழை என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். 'மாயெக்ராஹி' என்று ஒரு வகை உண்டு. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேட்க வேண்டிய பாட்டு அது. ஒரு விரலைக் காதில் செருகிக்கொண்டு, நெஞ்சுக்குரலை முழுவதும் திறந்து, அடியின் முடிவை நீட்டி உடைத்து விடுவார்கள். அறைக்குள் பதிவுசெய்த மாயெக்ராஹி காதைக் குத்தும். அதைக் கத்தல் என்று சொல்பவர்கள் நடுவே ஒரு மலையை வைத்துக் கற்பனை செய்துகொண்டு கேட்க வேண்டும்.

ஒப்பாரி பெண்களுடையது என்று மேலே வந்தது. டுகாஜின் மலைகளில் ஆண்களின் ஒப்பாரியும் உண்டு; 'ஜ்யாமா' என்பது அதன் பெயர். சாவு வீட்டை நோக்கி ஆண்கள் வரிசையாக வந்து, நெஞ்சில் அறைந்துகொண்டு, சேர்ந்து ஓலமிடுவார்கள். 1468இல் அல்பேனிய வீரத்தலைவர் ஸ்கந்தர்பெக் இறந்தபோது அவர் காலத்துச் சிற்றரசர் லேக் டுகாஜினி இவ்வாறு அழுததே தொடக்கம் என்பது மக்கள் வழக்கு. அதை வரலாறாக நான் முன்வைக்கவில்லை. அவர்கள் அப்படி நினைவு வைத்திருக்கிறார்கள்.

தாழம்பூ எழுதியது:

வடமலை ஐயாவுக்கு நன்றி. பெண்கள் எங்கே என்று கேட்க வந்தேன். சாவு வீட்டில்கூட ஆண்களையே காட்டிவிட்டார். யுனெஸ்கோவின் குறிப்பிலும் இசோ பல்குரல் பாட்டு பெரும்பாலும் ஆண்களால் பாடப்படுவது என்றே எழுதியிருக்கிறார்கள். உண்மையாகவே பெண்கள் பாடுவதில்லையா, பதிவு செய்யச் சென்றவர்கள் கேட்கவில்லையா?

வடமலை எழுதியது:

தவறு என்னுடையது, அம்மா. வடக்கிலேயே நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது 'தெப்சி'. கொசோவோவிலும் வடக்கு அல்பேனியாவிலும் பெண்கள் அடுப்பங்கரையில் உள்ள பெரிய வட்டத் தட்டை எடுத்து, தரையோடு தாழ்ந்த மேசையில் விளிம்பு பதிய நிறுத்தி, நாணயத்தைச் சுண்டிச் சுழற்றுவதுபோல் சுழற்றுவார்கள். அது சுழன்று கொண்டே ஒரு முழக்கத்தை எழுப்பும். கையால் அதை விடாமல் சுழலவைத்தபடி, முகத்தைத் தட்டுக்கு அருகே கொண்டுசென்று பாடுவார்கள். குரல் உலோகத்தில் பட்டு அதிர்ந்து திரும்பும். பெண்களுக்கு வாத்தியம் மறுக்கப்பட்ட வீடுகளில் ரொட்டி சுடும் தட்டே வாத்தியம் ஆயிற்று.

மரத்தடி எழுதியது:

தெற்கிலும் பெண்கள் பாடுகிறார்கள். தோஸ்க், லாப் இரு பகுதியிலும் பெண்களே எடுத்து, திருப்பி, இசோ பிடிக்கும் பாட்டுகள் உண்டு. ஆனால் ஆண்களும் பெண்களும் தனித்தனி அறையில் பாடியது பழைய வழக்கம். வட மாசிடோனியாவின் ப்ரெஸ்பா ஏரிக்கரை அல்பேனியர்களின் திருமணப் பாட்டுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேன் சுகர்மன் இதை நுணுக்கமாகக் காட்டியிருக்கிறார். அங்கே ஆண்கள் வயது வரிசையில் ஒருவர் பின் ஒருவராகப் பாட்டெடுப்பார்கள். திருமண வீட்டுக்கு வந்துவிட்டுப் பாட்டெடுக்காமல் இருப்பது அந்த வீட்டை மதிக்காததுபோல் ஆகும். பெண்கள் அடங்கிய குரலில், அடக்கமே அழகு என்று எதிர்பார்க்கப்படும் வகையில் பாடுவார்கள். குரலின் உயரமும் ஒலியளவும்கூட ஓர் ஊர் தன் ஆணையும் பெண்ணையும் எப்படி நிறுத்தி வைத்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றன. வெளியிலிருந்து வந்த ஆண் ஆய்வாளர்களுக்கு எந்த அறை திறந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கடலோரம் எழுதியது:

அரசு விழா என்று பழஞ்சுவடி ஐயா சொன்னது ஜிரோகாஸ்தர் விழாவைத்தானே? அது பாட்டைக் காப்பாற்றியதா, கெடுத்ததா?

பழஞ்சுவடி எழுதியது:

ஆம், 1968இல் ஜிரோகாஸ்தர் கோட்டையில் முதல் தேசிய நாட்டார் விழா நடந்தது. அன்றைய ஆட்சியாளர் என்வர் ஹோஜா பிறந்த ஊரும் அதுவே. பின்னர் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவந்தது. ஆட்சி வீழ்ந்த பிறகு 1995இல் ஒருமுறை பெராத்துக்குச் சென்றுவிட்டு, 2000இல் மீண்டும் பழைய கோட்டைக்கே திரும்பியது. 2023இலும் அங்கேயே நடந்தது.

காப்பாற்றியதா கெடுத்ததா என்றால், இரண்டையும் ஒரே மேடையில் செய்தது. ஊர் ஊராகத் தேர்வு நடத்தி, மாவட்டம் மாவட்டமாக வடிகட்டி அனுப்பியதால் சிறு மலையூர்களும் தங்கள் பாட்டை விடாமல் வைத்திருந்தன. அதே வேளையில் கட்சி, அணைக்கட்டு, கூட்டுப்பண்ணை, தலைவரின் புகழ் ஆகியவை எட்டசை அடிகளுக்குள் திணிக்கப்பட்டன. மெட்டு பழையது, இசோ பழையது, சொல் மட்டும் செய்தித்தாளில் இருந்து வந்தது. என் காதுக்கு அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று: வீட்டில் வட்டமாக, முகத்தோடு முகம் பார்த்து அமர்ந்தவர்கள் மேடையில் அரைவட்டமாகத் திறந்து கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். மரத்தடி ஐயா சொன்ன அந்த முழங்கால் தட்டுக்கு மேடையில் இடம் இல்லை.

மேடைக்கு முன்பும் பாட்டு ஊரை விட்டு வெளியேறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிமாராவைச் சேர்ந்த நெச்சோ முகோ 1920களின் இறுதியில் தம் குழுவோடு பாரிசுக்குச் சென்று பாத்தே நிறுவனத்துக்காக இசைத்தட்டுகள் பதிவு செய்தார். பின்னாளில் நாட்டின் புகழ்பெற்ற பாடகியாக விளங்கிய தெஃப்தா தாஷ்கோவும் அந்தப் பதிவுகளில் பாடியிருக்கிறார். 1957இல் கிழக்கு ஜெர்மானிய ஆய்வாளர்களான ஸ்டொக்மன் தம்பதியர், அல்பேனிய அறிஞர் ரமதான் சொகோலியோடு சேர்ந்து தெற்கில் பதிவு செய்தனர்; கிரேக்கத்திலிருந்து எல்லையைக் கடந்து வந்து குடியேறிய சாம் என்னும் அல்பேனிய மக்களின் பாட்டுகள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. ஆங்கிலேயரான ஏ.எல். லாய்டின் பதிவுகள் 1966இல் இசைத்தட்டாக வந்தன. அரசு விழா தொடங்கும் முன் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்க விரும்புவோருக்கு இவையே ஆதாரம்.

சுருதிப்பெட்டி எழுதியது:

வாத்தியம் இல்லாத பாட்டு என்று தொடங்கிய இழையில் வாத்தியத்தைப் பற்றி ஒரு கேள்வி. கிளாரினெட்டும் வயலினும் அழுதுகொண்டே செல்லும் ஓர் அல்பேனிய இசையைக் கேட்டிருக்கிறேன். அதற்கும் இந்த இசோவுக்கும் தொடர்பு உண்டா?

மரத்தடி எழுதியது:

நீங்கள் கேட்டது 'கபா'வாக இருக்கும். பெர்மெத், லெஸ்கோவிக், கொர்ச்சா போன்ற தெற்கத்திய ஊர்களில் 'சாஸே' என்னும் குழுக்கள் உண்டு. கிளாரினெட், வயலின், லாவுதா என்னும் நரம்பு வாத்தியம், தெஃப் என்னும் கைப்பறை ஆகியவை சேர்ந்தது. கபா என்பது அக்குழு வாசிக்கும் ஒப்பாரி. தாளக்கட்டு இல்லாமல் நீண்டு, விம்மி, இறங்கி, இறுதியில் ஆட்டத்துக்கு உரிய தாளத்துக்குள் சட்டென்று நுழையும். கிளாரினெட் எடுக்கிறது, வயலின் திருப்புகிறது, மற்றவை இசோ பிடிக்கின்றன. நாலு குரல் செய்த வேலையை நாலு வாத்தியம் பங்கிட்டுக்கொண்டது என்று சொன்னால் பொருந்தும். பெர்மெத்தின் லாவெர் பாரியு வாசித்த கபாவைக் கேளுங்கள், 2014இல் மறைந்தார். அவர் கிளாரினெட்டில் சுரத்தைச் சுத்தமாகத் தொடங்குவதே இல்லை. கீழிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, தொட்டும் தொடாமலும் நின்று, மறுபடி வழுக்கிவிடுவார். மூக்குச் சிந்தி அழுதவர்களின் தொண்டையை அறிந்தவர் வாசிப்பு அது.

தாழம்பூ எழுதியது:

இப்போது இதைப் பாடுபவர்கள் இருக்கிறார்களா? ஏடுகளில் இருப்பதைப் பேசுகிறோமா, ஊரில் இருப்பதைப் பேசுகிறோமா?

பழஞ்சுவடி எழுதியது:

இருக்கிறார்கள், ஆனால் வீட்டில் குறைந்து மேடையில் கூடியிருக்கிறார்கள். யுனெஸ்கோ 2005இல் இதை மனிதகுலத்தின் வாய்மொழி மரபின் சிறந்த ஆக்கங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அதன் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் குறிப்பே ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறது: இளைஞர்கள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விடுவதால், குடும்பத்துக்குள் கைமாறி வந்த பாட்டு இப்போது தொழில்முறைக் கலைஞர்கள் வழியாகவே கைமாறுகிறது. 1991க்குப் பின் கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் பெருந்திரளாகச் சென்றார்கள். ஒரு பாட்டுக்கு எடுப்பவர் ஒருவர் போதும். இசோவுக்கு நாலு பேராவது ஒரே ஊரில் இருக்க வேண்டும். ஊர் காலியாகும்போது முதலில் உடைவது இசோதான். நல்ல குரல் உள்ள இளைஞர் எடுப்பவராக வந்துவிடுவார்; 'எ' சொல்வதற்கு யார் பயிற்சிக்கு வருவார்கள்?

மரத்தடி எழுதியது:

நான் சொன்ன அந்தத் திருமணம் நடந்தது மிலானில். ஊர் காலியானது உண்மை. ஆனால் அங்கே மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களில் மூவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். இசோவுக்கு ஆள் குறையும் என்றார்கள்.

ஒலித்தேடி எழுதியது:

இத்தனை பேருக்கும் நன்றி. நேற்றிரவு பதிவை மீண்டும் கேட்டேன். இந்தமுறை எடுப்பவரையும் திருப்புபவரையும் விட்டுவிட்டு, கீழே உள்ள 'எ' மட்டுமே கேட்க வேண்டும் என்று முடிவு செய்து கேட்டேன். மரத்தடி ஐயா சொன்னதுபோல் எடுப்பவர் தனியாகத்தான் தொடங்குகிறார். ஏறத்தாழ நாலு விநாடி அவர் குரல் வெறுமையில் நிற்கிறது. பிறகு ஒரு குரல், அதன்மேல் இன்னொன்று என்று இசோ கூடுகிறது. இரண்டாவது கண்ணியில் யாரோ ஒருவர் இருமுகிறார். முன்பு மூன்று முறை கேட்டும் அந்த இருமல் என் காதில் விழவில்லை. இருமல் வந்த இடத்தில் 'எ' சற்று மெலிகிறது, ஆனால் அறுபடவில்லை. அந்த இடத்தை மூடியது எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். ஐந்து வரை எண்ணினேன். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.